இடப்பக்கத்துப் பேச்சு

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளைப் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற கார்களில் ஓட்டுகிறவர் காலடியில் மட்டும்தான் பிரேக் இருக்கும். பயிற்சிக் காரில், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒன்று வைத்திருப்பார்கள். லாரியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறவர்கள், நிறுத்தச் சொன்னால் வேகத்தைக் கூட்டுகிறவர்கள், இடது எது என்று கையைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் என்று எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். அவர்களுக்கும் ஊர் ஜனங்களுக்கும் நடுவே காவல் நின்றது அவளுடைய வலது கால் ஒன்றுதான். அந்தக் காலின் முட்டி இப்போதெல்லாம் மாடிப்படி ஏறும்போது தனியாக ஒரு சத்தம் போடுகிறது.

அவளிடம் கற்றுக்கொள்ள ஆட்கள் காத்திருந்து வருவார்கள். அவள் திட்டமாட்டாள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். பிரேக்கை மிதிப்பாள், ஓரம்கட்டச் சொல்வாள், இன்ஜினை அணைக்கச் சொல்வாள். ஓட்டியவரின் மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை ஜன்னல் வழியே எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம்தான், “என்ன ஆச்சு, நீங்களே சொல்லுங்க பாப்போம்” என்பாள். பாதிப்பேர் தங்கள் தப்பை அவளைவிடச் சரியாகவே சொல்லிவிடுவார்கள்.

அப்போது அவளிடம் ஒரு தையல்காரர் கற்றுக்கொண்டிருந்தார். தையல் மிஷின் மிதித்துப் பழகிய கால் அவருக்கு. ஆக்ஸிலரேட்டரையும் அப்படியே விட்டு விட்டு மிதிப்பார். கார் விக்கல் எடுத்தது போலப் போகும்.

“அக்கா, உங்க பொறுமைல கால்வாசி எங்க வீட்டம்மாவுக்கு இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்” என்றார் ஒருநாள்.

“என் வீட்டுக்கு வந்து பாருங்க. இங்க வித்தது போக அங்க ஒண்ணும் மிச்சமில்ல.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அது நகைச்சுவைக்காகச் சொன்னதில்லை.

வீடு என்றால், மேலே அவளும் கணவனும். கீழே அப்பாவும் அம்மாவும். கணவனுக்கு பாட்டில் கம்பெனியில் இரவு வேலை. இவள் எழுந்திருக்கும்போது அவன் வந்து படுப்பான். “நம்ம கட்டில் சூடு ஆறினதே இல்ல, ஆனா சேர்ந்து படுத்துதான் நாளாச்சு” என்று அவனே சொல்லிச் சிரித்துவிட்டுப் போர்த்திக்கொள்வான். அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்குத் தொட்டில் என்று பட்டப்பெயர். அவர் ஓட்டினால் நின்றுகொண்டு வருகிறவன்கூடத் தூங்கிவிடுவான் என்பார்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தூங்கிக் கோட்டைவிட்டவர்கள் மறுநாள் வந்து அவரிடம்தான் சண்டை போடுவார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வரும்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கையில் ஊசி ஏற்றி, உடம்பிலுள்ள ரத்தத்தையெல்லாம் மெஷின் வழியாக ஒரு சுற்று விட்டு வாங்க வேண்டும். அதற்கு அரைநாள் போய்விடும். அம்மாவைப் பழைய வெள்ளைக் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அப்பாவின் வேலை. முந்தின நாள் மாலையே காரைத் துடைத்து, கண்ணாடிக்கு நியூஸ் பேப்பர் போட்டுத் தேய்த்து, அம்மா உட்காரும் இடத்தில் தலையணையை வைத்துவிடுவார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். அம்மாவுக்கென்று அவர் செய்கிற காரியம் இது ஒன்றுதான்.

காரின் இடப்பக்கத்தில் முதலில் ஒரு கீறல் விழுந்தது. “எவனோ உரசிட்டுப் போயிருக்கான்” என்றார் அப்பா. பிறகு இடப்பக்கத்துக் கண்ணாடி உடைந்தது. “நிறுத்தியிருந்த வண்டிய எவனோ தட்டிட்டான்.” அதற்கப்புறம் வீட்டு கேட்டின் தூணில், காரின் வெள்ளை பெயின்ட் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. அதற்கு அவர் எந்த எவனையும் சொல்லவில்லை.

நின்ற வண்டியில் விழும் கீறல் எப்படி இருக்கும், ஓடுகிற வண்டி வாங்கிக்கொள்ளும் கீறல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அதைப் பார்த்துத்தானே அவளுடைய பிழைப்பு. பார்த்தாள். விரலால் தடவியும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மாடியேறிப் போய்விட்டாள்.

தம்பி வேறு ஊரில் ஒரு பெரிய ஆபீஸில் இருந்தான். அவனிடம் போனில் சொன்னாள். அவன், “அக்கா, இதெல்லாம் ஒரு டிஃபிகல்ட் கான்வர்சேஷன்” என்று ஆரம்பித்தான். “எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே டிரெய்னிங் குடுத்தாங்க. எடுத்த உடனே ‘நீங்க இப்பிடி, நீங்க அப்பிடி’ன்னு பேசக் கூடாது. ‘நான் என்ன ஃபீல் பண்றேன்னா’ன்னு ஆரம்பிக்கணும். நம்ம எமோஷன் என்னன்னு மொதல்ல நமக்குத் தெரியணும்.”

“அவ்ளோ தெரிஞ்சிருக்குல்ல, நீயே வந்து பேசேன்.”

“எனக்கு லீவு இல்லக்கா.”

“அது என்ன எமோஷன்டா?”

“சரி விடுக்கா, நீ சொன்னா அப்பா கேப்பாரு. நீதான் டீச்சர்” என்று வைத்துவிட்டான்.

சொல்லத்தான் நினைத்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கீழே இறங்கிப் போவாள். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா கால் நீட்டிப் படுத்திருப்பாள். ‘இன்னிக்கு வேணாம், முகமே சரியில்ல’ என்று திரும்பி வருவாள். முகம் நன்றாக இருந்த நாளில், ‘சந்தோஷமா இருக்காரு, கெடுப்பானேன்’ என்று திரும்பி வருவாள்.

பயிற்சிக் கார்கள் எல்லாவற்றையும் ஆண்டுச் சோதனைக்குக் கொண்டுபோன ஒரு நாள் அவளுக்கு லீவு கிடைத்தது. நானும் வருகிறேன் என்று வெள்ளைக் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பெற்ற மகளைக் காரில் ஏறாதே என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கார் தெருவைத் தாண்டியதும் அம்மா பேச ஆரம்பித்தாள். பேச்சென்றால் சும்மா பேச்சு.

“அந்தப் பொண்ணு சைக்கிள்ல போறா பாருங்க, எவ்ளோ பெரிய பை மாட்டியிருக்கா.”

அப்பா லேசாக வலப்பக்கம் ஒதுங்கினார்.

“பால் வண்டிக்காரன் இன்னும் இங்கயே நிறுத்திட்டு நிக்கறான், இவனுக்கு வேற எடமே கெடைக்காதா?”

கார் வேகம் குறைந்தது.

“ஐயோ, அந்த நாய்க்குட்டி எவ்ளோ அழகா இருக்கு. நடு ரோட்டுக்கே வருது.”

கார் நின்றது. நாய்க்குட்டி போனதும், “போயிடுச்சு, பாவம்” என்றாள் அம்மா. கார் கிளம்பியது.

பின்சீட்டில் இருந்தவளுக்கு அம்மாவின் இந்தப் பேச்சு புதிதாக இருந்தது. வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்ன அம்மா. இப்போது என்ன, நோய் வந்ததும் வாய் வந்துவிட்டதா என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரும்பியதும்தான் உறைத்தது. அம்மா சொன்ன பெண், பால் வண்டி, நாய்க்குட்டி எல்லாமே இடப்பக்கம். வலப்பக்கத்தில் இருந்த எதைப் பற்றியும் அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அவளுடைய வலது காலின் விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நிமிரவில்லை.

அம்மாவை உள்ளே படுக்கவைத்து, மெஷினோடு இணைத்து, எல்லாம் முடிந்து வெளியே கூட்டிவர மத்தியானமாகிவிட்டது. அவள் தாழ்வாரத்து நாற்காலியில் காத்திருந்தாள். அப்பா உள்ளே வரவில்லை. “வண்டிய யாரு பாத்துக்கறது?” என்று காரிலேயே இருந்துகொண்டார். டயாலிசிஸ் முடிந்த அம்மா பிழிந்து உதறிய துணி மாதிரி இருந்தாள். காரில் ஏறித் தலையணையில் சாய்ந்தவள் பெரிய சாலை வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

இப்போது இடப்பக்கத்தில் பேச்சே இல்லை.

அப்பா காரை நடுக்கோட்டை ஒட்டியே கொண்டுபோனார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டினார்கள். மெதுவாக, மிக மெதுவாக, ஆற்றில் தண்ணீரின் ஆழம் தெரியாதவன் கால் வைப்பது போல ஓட்டினார். ஒரு சந்து முனையில், காய்கறித் தள்ளுவண்டி ஒன்று இடப்பக்கமிருந்து சாலைக்கு ஏறியது. தள்ளிக்கொண்டு வந்தவர் இவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். அப்பா பார்க்கவில்லை.

“லெஃப்ட்! பிரேக்! பிரேக்!”

கத்திக்கொண்டே அவள் பின்சீட்டில் இருந்தபடி தரையை ஓங்கி மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. அம்மா முன்னால் சரிந்து, ஊசி குத்திய கை டாஷ்போர்டில் இடித்து, “அம்மா” என்று முனகினாள். தள்ளுவண்டிக்காரர் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு நகர்ந்தார். தக்காளி ஒன்று உருண்டு போனது.

அப்பா கண்ணாடியில் மகளைப் பார்த்தார். “அங்க பிரேக் இல்ல” என்றார். கேலியா, கோபமா என்று தெரியாத குரல். காரைக் கிளப்பிவிட்டார்.

அவள் அப்போது வாயை மூடியிருக்கலாம். ஓரம்கட்டச் சொல்லியிருக்கலாம். ஊரிலுள்ள தையல்காரர்களுக்கெல்லாம் தெரிந்த அவளுடைய பாடம், பெற்ற அப்பாவிடம் வந்தபோது எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. வண்டி ஓட ஓடவே ஆரம்பித்தாள்.

“மிரர் பாத்தீங்களா? பாக்கல. சந்து வந்தா வேகத்தக் கொறைக்கணும், கொறைச்சீங்களா? நடுரோட்ட ஏன் பிடிச்சுட்டு இருக்கீங்க? இப்பிடி ஓட்டினா எங்க பள்ளில டெஸ்டுக்கே அனுப்ப மாட்டோம்.”

“நான் முப்பது வருஷம் ஓட்டினவன்.”

“அது அப்ப. அப்ப உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சுது.”

கார் நின்றது. இந்தமுறை ஒரு குலுக்கல்கூட இல்லை. தொட்டில் போலத்தான் நின்றது. அப்பா ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். கதவை மெதுவாகச் சாத்தினார். வெயிலில் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

அம்மா கையைப் பிடித்தபடி, கண்ணைத் திறக்காமலே கேட்டாள். “பேசி முடிச்சாச்சா?”

காரை மகள்தான் வீட்டுக்கு ஓட்டிவந்து, சாவியை அப்பாவின் ஆணியிலேயே மாட்டினாள். அதற்கப்புறம் அப்பா மகளிடம் பேசவில்லை. அவள் வகுப்புக்குக் கிளம்புவதற்கு முன்பே அம்மாவை எழுப்பிக் காரில் ஏற்றிப் போய்விடுவார். ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன் போய் என்ன செய்வார்கள்? வாசலில் காத்திருப்பார்கள். சாவியைப் பிடுங்க அவளுக்குத் துணிவில்லை. வகுப்பில் இருக்கும்போது போன் அடித்தால் உடனே வண்டியை ஓரம்கட்டச் சொல்வாள். ஆஸ்பத்திரியா, போலீஸா என்று எடுத்தால் யாராவது ஆயுள் காப்பீடு வேண்டுமா என்று கேட்பார்கள்.

டயாலிசிஸ் இல்லாத ஒருநாள் மாலை, அப்பா கடைக்கு நடந்து போன நேரத்தில் கீழே இறங்கினாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியும்தானேம்மா?”

“எதுடி?”

“நாய்க்குட்டி அழகா இருக்குன்னு சொன்னியே.”

அம்மா ஒரு துண்டை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். “அவரு கண்ணு போறது எனக்குத் தெரியாம போகுமா? சாப்பிடறப்ப தட்டுல இடப்பக்கம் வச்சத மட்டும் விட்டுட்டு எந்திரிக்கறாரு. நான் தட்டத் திருப்பி வைப்பேன். சாப்பிட்டுடுவாரு.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லிட்டு? அப்புறம் அவரு என்ன பண்ணுவாரு? இந்த நாற்காலில உக்காந்து சுவத்தப் பாப்பாரா?”

“திரும்பி வரும்போது நீ தூங்கிடறேம்மா. அப்ப யாரு பாக்கறா?”

அம்மாவின் கை நின்றது. “தூங்கக் கூடாதுன்னுதான்டி நெனைக்கறேன். தொடைய கிள்ளிக்கிட்டுகூடப் பாத்துட்டேன்” என்றாள். புடவைக்கு மேலேயே அந்த இடத்தைத் தடவிக்கொண்டாள். “முடியல.”

அன்றைக்கு மாடியேறும்போது அவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முட்டிக்காக உட்காரவில்லை. தம்பி சொன்னது ஞாபகம் வந்தது, நம்ம எமோஷன் என்னன்னு மொதல்ல நமக்குத் தெரியணும் என்று. பயம் என்று சொல்லிக்கொண்டாள். பயம்தான். ஆனால் பயம் இருக்கிறவள் முதல் கீறலைப் பார்த்த அன்றைக்கே கத்தியிருப்பாளே. ஏன் விரலால் தடவிவிட்டு மேலே போனாள்? அடியில் வேறு ஏதோ இருந்தது. அதைத் தொட அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்பா சாவியைக் கொடுத்துவிட்டால், வாரத்தில் மூன்று நாள், போகவும் வரவும், அம்மாவை அவள்தான் கூட்டிப்போக வேண்டும். விடிகாலை வகுப்பு, பகல் வகுப்பு, சமையல், துணி. இதற்கு மேல் இதுவுமா என்று அவளுக்குள் ஒன்று முரண்டு பிடித்திருந்தது. அதனால்தான் அந்தக் கீறல் அத்தனை நாள் கீறலாக மட்டும் இருந்தது. அப்புறம் தன் மேலிருந்த கோபத்தையெல்லாம் அள்ளி அப்பாவின் கண்ணில் கொட்டிவிட்டாள்.

படியிலேயே கொஞ்சநேரம் அழுதாள். அசதியில் வருகிற அழுகை, சத்தம்கூட வரவில்லை.

தையல்காரருக்கு டெஸ்ட் வந்த நாளும் அம்மாவுக்கு டயாலிசிஸ் நாளும் ஒன்றாக அமைந்தன. அவரை டெஸ்டுக்கு அனுப்பிவைத்த கையோடு, பள்ளியின் பெயர் போட்ட சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிறுத்துமிடத்தின் கடைசியில், சுவரோரமாக வெள்ளைக் கார் நின்றது. அப்பா ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்.

அவள் இடப்பக்கத்துக் கதவைத் திறந்ததும்தான் ஆள் வந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. மருந்து பாட்டிலை அவசரமாகச் சட்டைப் பையில் போட்டார். மருந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை, துடைத்தால் அழுகிற மாதிரி தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவள் உட்கார்ந்தாள். அம்மாவின் தலையணை முதுகில் இடித்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே சுவர். சுவரில் ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்று எழுதியிருந்தது, கீழே குப்பை. ரொம்ப நேரம் இருவரும் அந்தக் குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, நான் என்ன ஃபீல் பண்றேன்னா…”

“தம்பி சொல்லிக்குடுத்தானா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆமா.”

“எனக்கும் போன் பண்ணினான். ‘நான் ஃபீல் பண்றேன், நான் ஃபீல் பண்றேன்’னு அரைமணி நேரம். என்னடா உடம்பு சரியில்லையான்னு கேட்டேன்.”

சிரிப்பு அடங்கியது. அவள் தலையணையின் ஓரத்து நூலைப் பிடித்து இழுத்தாள்.

“அன்னிக்கி நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாதுப்பா. அம்மா முன்னாடி. கண்ணப் பத்தி. தப்பு.”

‘ஆனா’ என்று ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். பிரேக்கை மிதிப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது.

அப்பா சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “எல் போர்டு மாட்டிட்டு வந்தவன்கிட்ட பேசற மாதிரி பேசின. இல்ல, அவன்கிட்ட நீ இன்னும் நல்லா பேசுவ. டிப்போவுல ஒருத்தன் உன்கிட்டதான் கத்துக்கிட்டான். உங்க பொண்ணு தங்கம்ங்கறான். எந்தத் தங்கம்னு யோசிச்சுக்கிட்டே வீட்டுக்கு நடந்தேன்.”

அவள் அதையும் வாங்கிக்கொண்டாள். பதில் சொன்னால் வாதமாகிவிடும் என்று தெரிந்தது.

“இன்னொண்ணு சொல்லணும்ப்பா. காருல மொத கீறல் விழுந்தப்பவே எனக்குத் தெரியும். நான் சொல்லல. சொன்னா, நீங்க நிறுத்திட்டா, நான்தான் கூட்டிட்டு வரணும். என்னால முடியாதுன்னு தோணிச்சு. அதான் வாய மூடிட்டு இருந்தேன். உங்க மேல அக்கறைல எல்லாம் இல்ல. களைப்புல. ரொம்பக் களைப்பா இருக்குப்பா எனக்கு.”

அப்பா முழுக்க அவள் பக்கம் திரும்பினார். அவளைப் பார்க்க இப்போதெல்லாம் அவ்வளவு திரும்ப வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தாள்.

“முட்டி வலியா?”

“முட்டியும்தான்.”

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். “டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரு. பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமா போகும், வண்டி வேணாம்னு. லெஃப்ட்ல ஒரு இருட்டு. கருப்பா எல்லாம் இல்ல. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். திடீர்னு அந்த ஒண்ணுமில்லாததுலருந்து ஒரு ஆள் வருவான்.”

“அம்மா…”

“அவ பேசறது எனக்காகத்தான்னு எனக்குத் தெரியாதா? நாய்க்குட்டியாம். அவளுக்கு நாயக் கண்டாலே ஆகாது.” அவர் சிரிக்கப் பார்த்தார். “அவ தூங்கிட்டான்னா, எழுப்ப மனசு வராது. எழுப்பலன்னா பயம். திரும்பிப் போற வழி பூரா, உசுரக் கைல பிடிச்சுட்டுதான் போவேன். வீட்டு வாசல்ல நிறுத்தினப்புறம் கொஞ்சநேரம் இறங்கவே முடியாது.”

“அப்ப ஏன்ப்பா?”

“நிறுத்திட்டா அவளுக்கு நான் எதுக்கு?”

பள்ளியில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் தைரியம் சொல்லியிருப்பாள். இங்கே வாய்க்கு வந்த தைரியமெல்லாம் பொய்யாகப் பட்டது. “எனக்குத் தெரியலப்பா” என்றாள். அப்பா தலையாட்டினார். தெரியாது என்று அவள் சொன்னதுதான் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது போலத் தோன்றியது.

“சாவிய நீ கேக்காத” என்றார். “நானே அவகிட்ட சொல்றேன். நீ அப்ப பக்கத்துல இருக்காத.”

அம்மாவை வெளியே கூட்டிவந்தபோது மகள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போவதாகச் சொல்லித் தள்ளிப் போனாள். கடை வாசலிலிருந்து பார்த்தாள். அப்பா காரில் சாய்ந்து நின்று என்னவோ சொன்னார். அம்மா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அப்புறம் பின்கதவைத் திறந்து அவளே முதலில் ஏறி, நகர்ந்து உட்கார்ந்து, அவருக்கு இடம் விட்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பயிற்சிப் பள்ளி முதலாளியிடம் போய், மூன்று நாள் பகல் வகுப்பு எடுக்க முடியாது என்றாள். “பிரேக் அக்கா எனக்கே பிரேக் போடறியா?” என்றார் அவர். முன்பென்றால், பரவாயில்லை சமாளித்துக்கொள்கிறேன் என்று அவளே இறங்கி வந்திருப்பாள். இந்தமுறை, “எனக்கு முடியல சார். அந்த மூணு நாள் காலைல மட்டும் வர்றேன்” என்றாள். விளக்கம் சொல்லாமல் நின்றாள். முதலாளி பேனாவை இரண்டு தடவை திறந்து மூடிவிட்டு, சரி என்றார். சம்பளம் குறையும் என்பதையும் மறக்காமல் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை ஏற்றிவர ஒரு வேன் இருந்தது. காலையில் அம்மாவும் அப்பாவும் அதில் போனார்கள். மத்தியானம் அவள் வெள்ளைக் காரைக் கொண்டுபோய்க் கூட்டிவந்தாள். முதல் வாரங்களில் அப்பா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். வேன்காரனுக்கு கியர் போடத் தெரியவில்லை என்றார். மகள் நேற்று ரிவர்ஸ் எடுத்தது சரியில்லை என்றார். ஒருநாள் காரணமே இல்லாமல், “எல்லாம் உன் இஷ்டப்படி ஆயிடுச்சுல்ல” என்றார். அவள் காலின் விரல்கள் மடங்கின. மடங்கியதைக் கவனித்தாள். “இல்லப்பா, எனக்கும் இஷ்டமில்ல” என்றாள்.

பார்த்துக்கொள்ளக் கார் இல்லாததால், அவர் உள்ளே போக வேண்டியதாயிற்று. முதல் நாள் மெஷினைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டாராம். இரண்டாம் முறை குழாயில் ஓடுகிற ரத்தத்தைப் பார்க்காமல், அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாராம். “நான் அவருக்கு வலப்பக்கம் இருக்கற மாதிரிதான் நாற்காலிய இழுத்துப் போட்டுக்கறாரு” என்றாள் அம்மா. “அரைநாளும் வாய் ஓயல. எனக்குத் தூக்கமே இல்ல. உன்கிட்ட சொல்லியே ஆகணும்டி, பழைய மாதிரி காருலயே உக்காரச் சொல்லேன்.”

அப்படி ஒரு மத்தியானம். இரண்டு வகுப்பு முடித்துவிட்டு, சாப்பிடாமல் காரை எடுத்துக்கொண்டு வந்தவள், நிறுத்துமிடத்தில் மரத்தடியில் இடம் கிடைத்ததும் இன்ஜினை அணைத்தாள். அவர்கள் வரும்வரை கண்ணை மூடலாம் என்று நினைத்தாள்.

விழித்தபோது வெயில் இடம் மாறியிருந்தது. பக்கத்தில் நின்றிருந்த கார்களெல்லாம் போய்விட்டிருந்தன. பதறிப்போய் நிமிர்ந்தாள். எதிரே, மருந்துக்கடை வாசல் பெஞ்சில் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் பையை அப்பா மடியில் வைத்திருந்தார். அம்மா அவர் தோளில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

இறங்கி ஓடினாள். “எவ்ளோ நேரமா உக்காந்திருக்கீங்க? கண்ணாடியத் தட்டியிருக்கலாம்ல?”

“தட்டலாம்னுதான்டி சொன்னேன், இந்த மனுஷன் விட்டாத்தானே” என்றாள் அம்மா. “எனக்குப் பசில காது அடைக்குது.”

அப்பா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “தூங்கறவங்கள எழுப்பி ஸ்டீயரிங்குல உக்கார வைக்கற பழக்கம் எனக்கு இல்ல” என்றார். “அங்க பைப் இருக்கு. மூஞ்சியக் கழுவிட்டு வா, மெதுவா போலாம்.”